இரட்டைத் தென்னையும் இரண்டாவது ஊசியும்

காட்டு விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்தத் தெரிந்தவளாக இருந்தால் நான் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டேன். மனிதர்கள் என் பேச்சைக் கேட்டால் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். மயக்கத்தில் கிடக்கும் மாடு அப்படிப் போகாது. அதனால் எனக்கு மாடுதான் வசதி.

எந்த மிருகத்துக்கு எவ்வளவு மருந்து என்பதை நான் சொல்லப் போவதில்லை. அது புத்தகத்தில் இருக்கிறது, என்னைவிடத் திருத்தமாகவே இருக்கிறது. துப்பாக்கியைப் பற்றியும் அதிகம் சொல்ல மாட்டேன். அதற்குக் கீழே நிற்கும் மூன்று கால் ஸ்டாண்டைப் பற்றியும், அந்த ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கும் தரையைப் பற்றியும், மகாராஜபுரத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் ஒரு மத்தியானம் நான் பண்ணிய காரியத்தைப் பற்றியும் சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சிரிக்கலாம். இப்போது எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது.

மயக்க ஊசி துப்பாக்கிக் குண்டு மாதிரி கிடையாது. மெதுவாகப் போகும். போகிற வழியிலேயே தாழும். முப்பது மீட்டர் தூரத்தில் நிற்கும் மாட்டின் தொடைச் சதையில் அது பாய வேண்டும். வயிற்றிலோ எலும்பிலோ பாய்ந்தால் காப்பாற்றப் போன நாமே மாட்டைக் கொன்றவர்களாகி விடுவோம். கையில் ஒரு நூல் அசைந்தால் அங்கே ஒரு ஜாண் விலகும். அதற்காகத்தான் துப்பாக்கியை ஸ்டாண்டில் வைத்துச் சுடுகிறோம்.

செண்பகத்தோப்பில் வனக் காவலர்கள் தங்கும் கட்டடத்துக்கு முன்னால் ஒரு சிமென்ட் தளம் உண்டு. என் பயிற்சியெல்லாம் அங்கேதான். வைக்கோல் திணித்த சாக்கைத் தூரத்தில் தொங்கவிட்டு, மருந்தில்லாத ஊசிகளைச் சுட்டுப் பார்ப்பேன். ஸ்டாண்டைச் சிமென்ட்டில் வைத்தால் ஐந்து ஊசியும் ஓர் உள்ளங்கைக்குள் விழும். மண்ணில் வைத்தால் சிதறும். என் ஆராய்ச்சி அதோடு முடிந்தது. மண்ணில் ஏன் சிதறுகிறது என்று யோசிக்கவில்லை. சிமென்ட்டை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். இன்னொரு கெட்ட பழக்கமும் இருந்தது. ஸ்டாண்டின் மூன்று காலையும் ஒவ்வொன்றாக நீட்டிச் சரிபார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. நடுவில் இருக்கும் கம்பியை ஒரே இழுப்பில் மேலே தூக்கி, திருகிவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

அன்றைக்குக் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டில் இட்லியில் கை வைத்தபோது போன் வந்தது. மகாராஜபுரத்துக்கு மேற்கே, மலையை ஒட்டிய தோப்பில் ஒரு காட்டுமாடு. காலில் சுருக்குக் கம்பி. பன்றிக்கு யாரோ வைத்த கம்பி அது, பைக்கின் கிளட்ச் கம்பியை வெட்டிச் செய்வார்கள். மாடு அதைக் காலில் மாட்டிக்கொண்டு, கம்பி கட்டியிருந்த முளைக்குச்சியையும் பிடுங்கி இழுத்துக்கொண்டு தோப்புக்குள் வந்திருக்கிறது. அங்கே அடியில் ஒட்டி வளர்ந்த இரண்டு தென்னை. அந்த இடுக்கில் குச்சி சிக்கிக்கொண்டது. மாடு இப்போது அந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

"அது மட்டும்னா பரவால்ல டாக்டரம்மா. மரத்து மேல ஆளு இருக்கு" என்றார் போனில் பேசிய காவலர்.

மேலே இருந்தவர் செல்லையா. ஐம்பது வயதைத் தாண்டியவர், தேங்காய் பறிக்கிற தொழில். அவர் மேலே குலையை வெட்டிக்கொண்டிருக்கும்போதுதான் மாடு கீழே வந்து மாட்டியிருக்கிறது. நான் போய்ச் சேரும்போது அவர் ஏறி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மட்டைகளுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். இளநீருக்கு அவருக்குப் பஞ்சமில்லை, கையில் அரிவாளும் இருந்தது. ஆனால் மாடு கம்பியைச் சுண்டி இழுக்கும் ஒவ்வொரு தடவையும் மரம் உச்சிவரை ஆடியது. ஆடும்போதெல்லாம் அவர் இறுக்கிப் பிடித்தார். பிடித்துப் பிடித்தே கை விட்டுப்போகும் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கம்பி எந்த நேரமும் அறுந்துவிடலாம் என்பது அடுத்த கவலை. அறுந்தால் ஒரு டன் மாடு கூட்டத்துக்குள் வரும். கூட்டமா, எங்கள் ஊர்ப் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள குன்றின் பெருமாள் கோயிலுக்குப் புரட்டாசிச் சனிக்கு வருகிற மாதிரி வந்திருந்தது. "ஏலே, ஜேசிபியைக் கூப்பிடுங்கலே" என்று ஒருவர். "வெடியப் போடு, ஓடிரும்" என்று இன்னொருவர். எங்கே ஓடும், கட்டிப்போட்ட மாடு?

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கூட்டத்தை வரப்புக்கு அப்பால் தள்ளச் சொல்லிவிட்டு, "இனிமே இங்க ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று கத்தினேன். தோப்புக்காரரின் மனைவி பக்கத்தில் வந்து, "டாக்டரம்மா, செத்த பொறுங்க, ஒண்ணு சொல்லணும்" என்றார். "அப்புறம் சொல்லுங்கம்மா" என்று அவரையும் விரட்டினேன். ராஜபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பாய் ஒருவர் உள்ளூர் கேபிள் டிவிக்குப் படம் எடுக்க கேமராவோடு வந்திருந்தார். அவர் என் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரைப் பார்வையாலேயே உட்கார வைத்தேன். மேலே இருந்து செல்லையா ஓர் இளநீர்க் கூட்டைக் கீழே போட்டார். மாடு சீறித் திரும்பியது. "நீங்களும் எதையும் போடாம சும்மா இருங்க!" என்று அவருக்கும் ஒரு சத்தம் போட்டேன். எல்லாரும் அமைதியானார்கள். எனக்கு அது பெரிய சாதனையாகத் தெரிந்தது.

மரத்திலிருந்து முப்பது மீட்டரில் மோட்டார் ரூம். அதற்கு முன்னால் நல்ல சிமென்ட் தளம், பின்னால் சுவர் பாதுகாப்பு. மருந்து ஏற்றிய ஊசி என்னிடம் இரண்டுதான் இருந்தது. தளத்தில் ஸ்டாண்டை வைத்தேன். நடுக்கம்பியை உயர்த்தினேன். மாடு பக்கவாட்டில் திரும்பி நின்றது, தொடை முழுசாகத் தெரிந்தது. மூச்சை விட்டு நிறுத்தி, விரலை மெதுவாக அழுத்தத் தொடங்கினேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு வந்தது.

அப்போது விவசாயத்துக்கு மும்முனைக் கரண்டு ஷிப்ட் முறையில்தான் வரும். வரும் நேரத்தில் காத்துக்கிடக்க முடியாது என்று தோப்புக்காரர்கள் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டிருப்பார்கள். கரண்டு வந்ததும் மோட்டார் தானே ஓடும். எனக்குப் பின்னால் "டக்" என்று ஒரு சத்தம், உடனே மோட்டார் உறுமியது. தளம் அதிர்ந்தது, ஸ்டாண்டின் கால்கள் அதிர்ந்தன, நான் உயர்த்தி வைத்த நடுக்கம்பி எல்லாவற்றையும்விட அதிகமாக அதிர்ந்தது. விரல் நிற்கவில்லை. ஊசி மாட்டின் முதுகுக்கு மேலே போய் எங்கோ புல்லில் விழுந்தது.

மோட்டார் சத்தத்தில் மாடு மிரண்டு கம்பியை இழுத்த இழுப்பில் மரம் வளைந்ததைக் கண்ணால் பார்த்தேன். செல்லையாவின் அரிவாள் கீழே விழுந்தது. ஒரு கால் மட்டையிலிருந்து நழுவித் தொங்கியது.

"யேசப்பா!" என்று அவர் அலறியது இன்னும் எனக்குக் கேட்கிறது.

அவர் விழவில்லை. இரண்டு கையாலும் மட்டையைக் கட்டிப்பிடித்துக் காலை மேலே இழுத்துக்கொண்டார். கம்பியும் அறவில்லை. நான் செய்த புண்ணியம் என்று சொல்ல மாட்டேன், அன்று என் கணக்கில் புண்ணியம் ஒன்றும் இல்லை.

காவலர் குனிந்தபடியே போய் மோட்டாரை நிறுத்தினார். தோப்புக்கார அம்மா என் பக்கத்தில் நின்றார். கோபம்கூட இல்லை அவருக்கு. "ஆட்டோல கெடக்கு டாக்டரம்மா, கரண்டு வந்தா அதுவா ஓடும். அதச் சொல்லத்தான் வந்தேன். நீங்க பேசக் கூடாதுன்னுட்டீக" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பிள்ளைகளே, ஒன்று சொல்கிறேன். கூட்டத்தை அமைதிப்படுத்துவது வேறு, அந்த இடம் தெரிந்தவர்களின் வாயை அடைப்பது வேறு. நான் இரண்டையும் ஒன்றாக நினைத்தேன். அந்தத் தோப்பில் நான் வந்து அரை மணி நேரம். அந்த அம்மா அங்கே வாழ்கிறவர்.

தவறு செய்தவுடன் கை பரபரக்கும். உடனே இன்னொன்று சுட்டு மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மிச்சம் இருந்தது ஒரே ஊசி. மருந்து வேண்டுமென்றால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆள் அனுப்ப வேண்டும். அதுவரை செல்லையாவின் கை தாங்காது. ஊசியைத் துப்பாக்கியில் போடாமல் தரையில் உட்கார்ந்தேன். "சரி, வேற என்ன தெரியணும் எனக்கு? சொல்லுங்க" என்று அந்த அம்மாவையும் பாயையும் கேட்டேன்.

"இந்தப் பாத்தி எதுலயும் நிக்காதீங்க. மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள சேறு" என்றார் அந்த அம்மா. "மேக்க ஒரு வரப்பு இருக்கு பாருங்க. அது நாங்க நடந்து நடந்து எறுகிப்போன வரப்பு. மம்பட்டி எறங்காது."

செண்பகத்தோப்பு மண்ணில் என் ஊசிகள் ஏன் சிதறின என்று அப்போதுதான் உறைத்தது. அங்கே நான் வைத்தது உதிரி மண்ணில். மண்ணிலும் எத்தனையோ வகை இருக்கிறது.

பாய் கொஞ்சம் தயங்கினார். "கோவிச்சுக்கிடாதீங்க டாக்டரம்மா. இருவது வருசமா கல்யாண வீட்டுல ஸ்டாண்டு போடுதேன். மொதல்ல எல்லாம் மேடை மேலதான் போடுவேன், நல்லா தெரியும்னு. தாலி கட்டுற நேரம் மேளத்தக் கொட்டுவாக, அம்புட்டுப் பேரும் எந்திரிப்பாக, மேடை அதிரும். எந்தப் படம் முக்கியமோ அந்தப் படம் ஆடிப்போவும். ரெண்டு கல்யாணத்துல ஏச்சு வாங்குன பொறவு மேடைய விட்டு எறங்கித் தரையிலதான் போடுதது. அந்த நடுக்கம்பிய மொதல்ல எறக்குங்க. அது ஸ்டாண்டு இல்ல, ஸ்டாண்டு மேல நட்ட குச்சி."

அன்றுவரை எனக்கு யாரும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. சொல்ல விட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

மேற்கு வரப்புக்குத் தவழ்ந்து போனோம். நடுக்கம்பியை அடிவரை இறக்கினேன். கால்களில் மேலே உள்ள தடித்த பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, அடியில் உள்ள மெல்லிய பகுதியை நீட்டவே இல்லை. கால்களை அகல விரித்ததும் ஸ்டாண்டு குட்டையாகிவிட்டது, நான் தரையில் உட்கார்ந்தால்தான் கண் எட்டும். ஸ்டாண்டின் ஒரு காலை மாட்டுப் பக்கம் நீட்டி வைக்கச் சொன்னார் பாய். அவருடைய கேமரா பையை நடுவில் தொங்கவிட்டார். "தொங்குனா ஆடும். அடி தரையில லேசாப் பட்டுக்கிடணும்" என்று கயிற்றை நீட்டி விட்டார். அந்த அம்மா உரச்சாக்கில் மண் அள்ளிக் கொண்டுவந்தார், அதை வலது முழங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். உடம்பை முன்னால் சாய்த்து என் பாரத்தில் கொஞ்சத்தை ஸ்டாண்டின் மேலும் போட்டேன். துப்பாக்கி மேல் இருக்கும் குறி பார்க்கும் ஸ்கோப்புக்குள் பார்த்தேன். அதுவரை எப்போதும் மிதந்துகொண்டே இருந்த குறி, ஆணி அடித்த மாதிரி நின்றது.

ஆனால் மாடு திரும்பவில்லை. முகத்தை எங்கள் பக்கம் வைத்து நின்றது, தொடை மரத்துக்குப் பின்னால். ஸ்கோப்பில் சுருக்குக் கம்பி தெரிந்தது. அதன் இழைகளில் சில அறுந்து மயிராகப் பிரிந்து நின்றன.

நிமிஷங்கள் போயின. மேலதிகாரியின் போன் பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கூட்டத்திலிருந்து "இன்னும் என்ன பாத்துக்கிட்டு இருக்கு இந்தம்மா" என்று ஒரு பெரியவர் வைவதும் கேட்டது. கிடைத்த இடத்தில் சுட்டுவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன், மறைக்க மாட்டேன். நெஞ்சில் பட்டால் மாடு சாகும். சாவதற்கு முன் அது என்ன ஆட்டம் ஆடுமோ, மேலே இருப்பவர் என்ன ஆவாரோ. விரலை எடுத்து வெளியே வைத்துக்கொண்டேன்.

மேலே இருந்து செல்லையாவின் குரல் வந்தது. சத்தமாகக்கூட இல்லை.

"டாக்டரம்மா, மாட்டத் திருப்பணுமா?"

"ஆமா."

"காலைலருந்து பாக்கேன். எங்க தேங்கா விழுதோ அங்க மொகத்தத் திருப்புது. எந்தப் பக்கம்னு சொல்லுங்க. ஒரு கை இன்னும் வேலை செய்யுது."

அவரை எதையும் போடக் கூடாது என்று அதட்டியவள் நான்தான். அந்த மாட்டை அங்கிருந்த எல்லாரையும்விட அதிக நேரம், அதுவும் நேர் மேலிருந்து, பார்த்தவர் அவர். போட்டால் மாடு மிரண்டு கம்பியை அறுக்கலாம். போடாவிட்டால் அவர் கை விட்டுவிடும். இரண்டில் ஒன்றை நான்தான் சொல்ல வேண்டும். பையில் அதிர்ந்த போனில் அதற்குப் பதில் இருக்காது.

"வடக்க போடுங்க அண்ணாச்சி. நான் சொல்லும்போது போடுங்க. ரெண்டு கால்லயும் மரத்த இறுக்கிக்கிடுங்க."

அவர் காலை மாற்றிக்கொள்ளும்வரை காத்திருந்தேன். குறி நின்றது. மூச்சை விட்டேன். "போடுங்க" என்றேன்.

தேங்காய் வடக்குப் பக்கம் தொப்பென்று விழுந்தது. மாடு மரத்தைச் சுற்றி அரை வட்டம் நகர்ந்து அந்தப் பக்கம் பார்த்து நின்றது. தொடை முழுசாக என் எதிரில் வந்தது. சுட்டேன். ஊசியின் சிவப்புக் குஞ்சம் தொடைச் சதையின் நடுவில் போய் நின்றது.

மாடு ஒரு துள்ளுத் துள்ளியது. மரம் ஒரு தடவை ஆடியது, செல்லையா பிடித்துக்கொண்டார். பிறகு மாட்டின் நடை தளர்ந்தது, தலை தாழ்ந்தது, முன்னங்காலை மடக்கிப் படுத்தது. என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக அழகான காட்சி எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். குற்றாலம், கொடைக்கானல் எல்லாம் அதற்கு அப்புறம்.

கண்ணைத் துணியால் மூடி, கம்பியை வெட்டிக் காலை விடுவித்தோம். காயம் ஆழம்தான், எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே நேரம் இரண்டு பேர் ஏணியும் கயிறுமாக ஏறி செல்லையாவை மெல்ல இறக்கினார்கள். தவறிப்போன முதல் ஊசியைத் தேடி எடுக்கும்வரை கூட்டத்தில் ஒருவரையும் தோப்புக்குள் விடவில்லை. அந்த மருந்து மனிதர் உடம்பில் ஏறினால் ஆள் பிழைப்பது கஷ்டம். காய்ந்த மட்டை ஒன்றில் அது குத்தி நின்றதைக் காவலர் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். மயக்கத்தைத் தெளிவிக்கும் மாற்று மருந்து போட்டதும் மாடு எழுந்தது. ஒரு நிமிஷம் எங்களை முறைத்துப் பார்த்தது. பிறகு கொஞ்சம் நொண்டியபடி, யாரையும் சட்டை பண்ணாமல், மேற்கே மலையைப் பார்த்து நடந்து போனது. கூட்டம் கைதட்டியது. என்னை வைத பெரியவர்தான் எல்லாரையும்விட ஓங்கித் தட்டினார்.

செல்லையாவை வரப்பில் உட்கார வைத்திருந்தார்கள். நான் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். "அண்ணாச்சி, மொத ஊசி தப்புனதுக்கு நான்தான் காரணம். அவங்க சொல்ல வந்தத கேட்டிருந்தா நீங்க எப்பவோ எறங்கியிருக்கலாம்" என்றேன். அதைச் சொல்வது சுடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன, விரிக்க முடியவில்லை.

தோப்புக்கார அம்மா தூக்குச்சட்டியில் டீ கொண்டுவந்து ஊற்றினார். செல்லையாவால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. நான் வாங்கி அவர் வாய்க்குக் கொண்டுபோனேன். அப்போதுதான் என் கையைக் கவனித்தேன். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை வெடவெடவென்று நடுங்கியது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. டீ அவர் தாடையிலும் சட்டையிலும் சிந்தியது.

அவர் என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"இந்தக் கையையா நம்பி அம்புட்டு நேரம் மேல உக்காந்திருந்தேன்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வெடித்தது. அவருக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேருமாகச் சிரித்ததில் டம்ளரில் ஒரு சொட்டு டீ மிஞ்சவில்லை.